குழல் நிற்காதிருக்க வேண்டும்

"இன்னும் இறுக்கும்மா. மூச்சு முட்டணும், அப்பதான் சரி" என்றாள் கெரால்ட்.

கறுப்புக் கச்சின் ஒரு நுனி ரெமெயின் கையில் இருந்தது. மறுநுனி எட்டு வயது மகளின் இடையில். சிறுமி பம்பரம்போல் சுழன்று சுழன்று தாயை நோக்கி வர, துணி சுற்றின்மேல் சுற்றாக அவளைத் தழுவிற்று. மனிதக் கோபுரம் எழுப்புவோர்க்குக் கச்சு அழகுக்கன்று. ஒருவர் இடையில் கட்டிய கச்சே அவர்மேல் ஏறும் மற்றொருவர்க்குப் படி. ஆயினும் கெரால்ட்டின் கச்சில் யாரும் கால் வைக்கப் போவதில்லை. அவளுக்கு மேல் ஏற எவரும் இல்லை. ஏழடுக்குக் கோபுரத்தின் உச்சி அவள். அவளுக்கு மேல் வானந்தான்.

அதை நினைத்ததும் ரெமெயின் விரல்கள் துணியை நழுவவிட்டன.

"அம்மா! விட்டுட்டியா? மறுபடியும் முதல்ல இருந்தா?"

"கை வேர்க்குதுடி."

அடுக்களை மேசையருகே அமர்ந்து, தக்காளி தேய்த்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த வெந்தூரா சிரித்தான். ரெமெயின் கணவன், கோபுரச் சங்கத்தின் குழலூதி. உதட்டோரம் சீவாளியை ஊறவைத்தபடியே பேசப் பழகியவன். "உனக்குக் கை மட்டுமா வேர்க்குது? உன்னைப் பாத்து இந்த நாற்காலிக்கே வேர்க்குது" என்றான்.

ரெமெய் நழுவிய துணியை மீண்டும் பற்றி இழுத்தாள். அவள் அச்சம் ஊரறிந்தது. 'பாம்புக்குப் பயந்தவள் பாம்பாட்டியைக் கட்டிக்கொண்டாள்' என்று சங்கத்தார் கேலி பேசுவர். அவளும் அச்சங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள்தான். சிறுமியாயிருந்தபோது மேலடுக்குகளில் ஏறியவள். ஒரு திருநாளன்று அவள் காலடியிலிருந்த கோபுரம் காற்றில் ஆடும் நாணல்போல் ஆடிச் சரிந்தது. கீழே நெருங்கி நின்ற அடிக்கூட்டத்தின் முதுகுகள் அவளை ஏந்திக்கொண்டமையால் நகக்கீறலும் படவில்லை. விழுந்தது அவளுக்கு நினைவில்லை. நினைவில் நிற்பது ஒன்றே: அதுகாறும் ஒலித்த குழல் நடுவில் அறுந்து நின்ற அமைதி. கோபுரம் ஏறும்போது தொடங்கும் குழல், இறங்கி முடியும்வரை நிற்பதில்லை. நடுவே நின்றதாயின் கோபுரம் இல்லை என்பது பொருள். அந்த அமைதி அவள் செவியில் அன்று குடிபுகுந்தது, பின் வெளியேறவேயில்லை.

அதன்பின் அவள் எந்தக் கோபுரத்தையும் கண்டாளில்லை. வளர்ந்து, வெளிநாட்டாருக்குப் பார்சிலோனாவைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி ஆனாள். கோபுரம் எழும் நாள்களிலெல்லாம் நகரின் மறுகோடியில் வேலையை ஏற்றுக்கொள்வாள். மகள் இரண்டாண்டுகளாகச் சிறு கோபுரங்களில் ஏறிய போதும் அவ்வாறே. எல்லாம் முடிந்தபின் வெந்தூரா தொலைபேசியில் அழைத்து, "இறங்கிட்டா" என்பான். அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் அந்நாளெல்லாம் உயிர் தாங்குவாள்.

நேற்று மாலை கெரால்ட் வந்து எதிரே நின்றாள்.

"எல்லாரோட அம்மாவும் வராங்க. நீ ஒருநாள்கூட வந்ததில்ல. நாளைக்கு ஏழடுக்கு. நீ வரலைன்னா நான் ஏறமாட்டேன்."

'ஏறவேண்டாம், அதுவே எனக்கு வேண்டும்' என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. மகளின் முகம் அதைச் சொல்லவிடவில்லை.

"வந்தாலும் என்னால பாக்க முடியாதுடி கண்ணு. கண்ணை மூடிக்குவேன்."

கெரால்ட் சற்றுச் சிந்தித்தாள். தாயின் தொழிற்கருவியான மஞ்சள் குடை கதவருகே தொங்கியது. விரித்து உயர்த்திப் பிடித்தால் எத்தகைய கூட்டத்திலும் பயணியர் அதைக் கண்டு பின்தொடர்வர். நடைபழகிய நாள்முதல் கெரால்ட்டும் அக்குடையைப் பார்த்தே தாயைத் தேடிக் கண்டவள்.

"சரி, மூடிக்கோ. ஆனா குடையை விரிச்சுப் பிடிச்சிரு. மேல போனதும் நான் குடையைத் தேடுவேன். குடை இருந்தா நீ இருக்கேன்னு அர்த்தம். போதும்."

அவ்வுடன்படிக்கைக்கு ரெமெய் தலையசைத்தாள். எட்டு வயதுக் குழந்தை தாய்க்கு விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்கு வேறென்ன மறுமொழி?

இன்று புனித மெர்சே அன்னையின் திருநாள். நகரத்தைக் காக்கும் அன்னை, சிறைப்பட்டோரை மீட்டவள். தெருவெங்கும் முரசம். மன்னரும் அரசியருமாய் மாடியளவு உயர்ந்த பொம்மைகள் மேளத்திற்கேற்பச் சுழன்றாடின. ரெமெயின் பின்னே நோர்வேயிலிருந்து வந்த சிறு குழுவொன்று நடந்தது. அவர்களுள் விக்டிஸ் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியை விளக்குக்கம்பம்போல் நெடியவள். வினாக் கேட்பதில் சளையாதவள்.

மகளுக்குத் தந்த வாக்கை மீற ரெமெய் எண்ணவில்லை. ஆனால் அச்சம் தந்திரம் மிக்கது. வாக்கை மீறு என்று அது சொல்லாது. சற்று மெதுவாக நட என்றே சொல்லும். பேராலயத்து முற்றத்தில் வெள்ளை வாத்துகள் நீந்தும் குளத்தருகே அவள் வழக்கத்திலும் நெடுநேரம் நின்றாள். வாத்துகள் எவருடைய நினைவாக வளர்க்கப்படுகின்றன, என்ன தின்னும், எங்கே உறங்கும் என்றெல்லாம் விரித்துரைத்தாள். கடலன்னை கோயிலின் வாயிற்கதவில், முதுகில் கல் சுமக்கும் சிறு வெண்கல உருவங்களைக் காட்டினாள். துறைமுகச் சுமையாளர் கூலியின்றி மலையிலிருந்து கல் சுமந்து எழுப்பிய கோயில் அது. அக்கதையை முதலிலிருந்து சொன்னாள், முடித்தாள், மீண்டும் தொடங்கினாள்.

"ரெமெய், இதை இப்பதானே சொன்னீங்க?" என்றாள் விக்டிஸ்.

"அப்படியா? முக்கியமான கதைங்க. ரெண்டு தரம் சொல்லலாம்."

"வாத்தும் ரெண்டு தரம் ஆச்சு." விக்டிஸ் குனிந்து அவள் முகத்தை உற்றுநோக்கினாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? முகமெல்லாம் வெளுத்திருக்கே."

அப்போது நகரமன்றச் சதுக்கத்தின் திசையிலிருந்து ஆரவாரம் எழுந்தது. எந்தச் சங்கத்தின் கோபுரமோ முடிந்திருந்தது. ரெமெய் சட்டென நின்றாள். 'முடிந்தது நம்முடையதாக இருக்கக் கூடாதா?' என்றொரு நப்பாசை. அடுத்த கணமே, 'குடையைக் காணாமல் குழந்தை என்ன செய்திருப்பாள்?' என்றொரு நடுக்கம்.

"அங்க என்ன சத்தம்? நாங்க அதைப் பாக்கத்தானே வந்தோம்!" என்று குழுவினர் அனைவரும் ஒருசேரக் கேட்டனர்.

இனித் தப்ப வழியில்லை. ரெமெய் குடையை விரித்து உயர்த்தினாள். 'சிறைமீட்ட தாயே, என் செவியில் சிறையிருக்கும் அந்த அமைதியை இன்று வெளியே விடாதே' என்று மனத்துள் வேண்டியபடி கூட்டத்துள் நுழைந்தாள்.

சதுக்கத்தில் எள் விழ இடமில்லை. நகரமன்றத்து மாடங்களில் பெரியோர் நின்றனர். நடுவே நீலச்சட்டைகள், அவளுடைய சங்கத்தார். கோபுரம் இன்னும் தொடங்கவில்லை. மிகத் தாமதமாக வந்தோம் என்று அவள் நம்பியிருக்க, மிகச் சரியாக வந்திருந்தாள்.

"ஏண்டி ரெமெய்! கண்ணு கெட்டுப்போச்சா எனக்கு? நீயா?" என்று குரல் கொடுத்தாள் எம்பார். சந்தையில் மீன் விற்பவள், இடுப்பு அகன்றவள், அடிக்கூட்டத்தின் தூண். ரெமெயின் கையைப் பற்றியவள் விடவில்லை. "உன் புருசன் சொன்னான், நான் நம்பல. வா, வந்து கையை வை. பாதிப் பேரு ரயில்ல மாட்டிக்கிட்டாங்க, அடியில ஆள் பத்தல."

"நான் வேலையில இருக்கேன் எம்பார். இவங்களை…"

"மேல யாரு ஏறப் போறா? என் பொண்ணா? என்கிட்ட இருக்கறது மத்தி மீனும் வாயும்தான். உன் பொண்ணுடி! ஒரு முதுகு குறைஞ்சா ஒரு முதுகு குறைஞ்சதுதான்."

விழுந்தால் ஏந்துவன அந்த முதுகுகளே என்பதை ரெமெயைக்காட்டிலும் அறிந்தவர் யார்? குடையை விக்டிஸின் கையில் திணித்தாள்.

"இதை விரிச்சு உயரமாப் பிடிங்க. என்ன ஆனாலும் மடக்கிடாதீங்க. என் மக மேலயிருந்து இதைத் தேடுவா."

விக்டிஸ் ஏதும் வினவவில்லை. குடையை வாங்கி நிமிர்ந்து நின்றாள்.

அடிக்கூட்டம் வட்டத்துள் வட்டமாய் நெருங்கிற்று. எம்பாரின் முதுகில் ரெமெய் கைகளை நீட்டி ஊன்றினாள், மார்பை ஒட்டினாள், முகத்தைத் திருப்பிக் கன்னத்தைப் பதித்தாள். அவள் முதுகில் வேறு கைகள் வந்து ஊன்றின. அடிக்கூட்டத்தில் நிற்போர் மேலே பார்த்தல் ஆகாது. நிமிர்ந்த தலைமேல் ஆள் விழுந்தால் கழுத்து முறியும். பேசுதலும் ஆகாது. கோபுரம் எழும் வேளையில் குரல் ஒருவருக்கே உரியது: சங்கத் தலைவர் ஒலெகெருக்கு.

"எல்லாரும் இறுக்கிப் பிடிங்க! தலை கீழ! பின்வரிசை, அழுத்துங்க!" என்றது அவர் குரல். "இரண்டாமடுக்கு, ஏறுங்க!"

வெறுங்கால்கள் தோள்களின்மேல் மிதித்து ஏறிச் சென்றன. ஒன்று ரெமெயின் தோளையும் மிதித்தது. மகளின் கால் அன்று, கனத்த கால். எம்பாரின் முதுகு வழியே பாரம் இறங்கி வந்தது, மழைநீர் மண்ணில் இறங்குவதுபோல் மெல்ல மெல்ல. சதுக்கம் அடங்கிற்று. அத்துணை பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தையின் இருமல் தனித்துக் கேட்டது.

மூன்றாமடுக்கு நிலைகொண்டது. குழல் தொடங்கிற்று.

இனிப் பின்வாங்கல் இல்லை. அடியில் நிற்போர்க்குக் கண் இல்லை, குழலே கண். இன்ன அடி ஒலித்தால் நான்காமடுக்கு நின்றது, இன்ன திருப்பம் வந்தால் ஐந்தாமடுக்கு என்று அவர்கள் செவியாலேயே கோபுரத்தைக் காண்பர். குழலூதிகள் கோபுரத்தைப் பார்த்தே ஊதுவர். கோபுரம் தயங்கினால் இசையும் தயங்கும். அவர்களுள் முதற்குழல் வெந்தூராவினுடையது. ஓராயிரம் ஒலிகளிடையேயும் ரெமெய் அதை அறிவாள். இப்போது அம்மூச்சு சற்றே நடுங்கிற்று. காலையில் நாற்காலிக்கு வேர்க்கிறது என்று கேலி பேசியவனின் மூச்சு.

ஒரு சிறு பாதம் அவள் தோளில் பட்டது. இறகுபோன்ற பாதம். பட்டதும் போயிற்று. அது கெரால்ட்.

ரெமெய் கண்களை மூடினாள். மூடினும் திறப்பினும் தெரிவது எம்பாரின் நீலச்சட்டையே, எனினும் மூடினாள். ஐந்தாமடுக்கின் திருப்பம் வந்தது. உச்சிக்குக் கீழே குனியும் ஆறாமடுக்குச் சிறுவனுக்குத் தனித் திருப்பம் இல்லை. இனி வரவேண்டியது ஒன்றே: கெரால்ட் உச்சியில் கையுயர்த்தும்போது பீறிடும் முடியிசை.

அது வரவில்லை.

வரவேண்டிய இடத்தில் குழல் முன்னடிக்கே திரும்பிற்று. அதையே மீண்டும் ஊதிற்று. மீண்டும் ஊதிற்று. எம்பாரின் முதுகு விறைத்தது. அடிக்கூட்டம் முழுவதும் ஒரே உடம்பாய் மூச்சடக்கிற்று. மேலே ஏதோ நின்றுவிட்டது என்பதை அனைவரும் அறிந்தனர். எது என்பதை அறிந்தாரில்லை. தாமதிக்கத் தாமதிக்கக் கோபுரத்தின் நடுத்தண்டு தளரும். நடுக்கம் இறங்கி வரத் தொடங்கிற்று. முதலில் எம்பாரின் தோள்களில், பின் ரெமெயின் உள்ளங்கைகளில்.

குடை!

நெஞ்சில் ஈட்டி பாய்ந்ததுபோல் அவ்வெண்ணம் பாய்ந்தது. குடையை மடக்கிவிட்டனர். பின்னால் நிற்போர் மறைக்கிறது என்று கூவியிருப்பர். அயலாள் என்ன செய்வாள், மடக்கியிருப்பாள். கெரால்ட் மேலே நின்று தேடுகிறாள். காணவில்லை. 'நீ வரலைன்னா ஏறமாட்டேன்' என்றவள், வானத்தின் விளிம்பில் தாயைத் தேடி நிற்கிறாள்.

ஓடவேண்டும் என்று உடம்பு துடித்தது. கையை எடுத்தால் ஒரு முதுகு குறையும். கத்தவேண்டும் என்று தொண்டை துடித்தது. அந்த அமைதியில் ஒரு கூச்சல் எழுந்தால் மேலே நிற்பவர் திடுக்கிடுவர். உச்சியில் நிற்பது அவள் குழந்தை. கல் சுமந்தவரின் கதையைக் காலையில் இருமுறை சொன்னவளுக்குக் கல்லாய் நிற்பதன் வேதனை இப்போது விளங்கிற்று.

அவள் வாயை எம்பாரின் காதோரம் கொண்டுசென்றாள். மூச்சினும் மெல்லிய குரலில், "குடையை விரிக்கச் சொல்லு. மஞ்சக் குடை. வெளிய, உயரமா ஒருத்தி" என்றாள்.

எம்பார் தலையை அசைக்காமலே பக்கத்துக் காதில் சொன்னாள். அக்காது அடுத்த காதில் சொல்லிற்று. ஒரு வட்டத்திலிருந்து மறுவட்டத்திற்கு, குனிந்த தலைகளினூடே, அச்சொல் குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல் விளிம்பை நோக்கிச் சென்றது. "குடை… மஞ்சக் குடை… விரிக்கச் சொல்லு…" பின் அவள் செவிக்கு எட்டாத தொலைவில் மறைந்தது.

குழல் அதே அடியை ஊதிற்று. மீண்டும் அதே அடி. வெந்தூராவின் மூச்சு இற்றுப்போகும் நூல்போல் இழைந்தது. 'அறுந்துவிடாதே, அறுந்துவிடாதே' என்று ரெமெய் வேண்டினாள். அன்னையை வேண்டினாளோ கணவனின் மூச்சை வேண்டினாளோ, அவளே அறியாள்.

இசை திரும்பிற்று. முடியிசை பீறிட்டது. சதுக்கம் இடிபோல் முழங்கிற்று.

"யாரும் அசையாதீங்க! இன்னும் முடியல!" என்றார் ஒலெகெர்.

பெரும்பாலும் கோபுரங்கள் விழுவது இறங்கும்போதுதான். பாரம் குறையக் குறைய எஞ்சியவர் கால்கள் வலுவிழக்கும். எம்பாரின் முதுகு இப்போது வெளிப்படையாகவே உதறிற்று. மேலே யாரோ பல்லைக் கடித்து முனகும் ஒலி. சிறு பாதம் ஒன்று எங்கோ இறங்கியிருக்கவேண்டும். அவள் தோளில் படவில்லை. வேறு பக்கமாய் இறங்கினாளோ? இன்னும் இறங்கவில்லையோ?

அப்போது குழல் நின்றது.

ரெமெயின் உயிர் நின்றது. அந்தப் பழைய அமைதி, செவிக்குள் குடியிருந்த அதே அமைதி, வெளியே வந்து சதுக்கம் நிறைந்து நின்றது. அவள் முதுகைக் குறுக்கினாள்; விழப்போகும் உடல்களுக்காகக் குறுக்கினாள்; அவற்றுள் ஒன்று மிகச் சிறிதாயிருக்கும் என்று குறுக்கினாள்.

ஒன்றும் விழவில்லை. கைகள் அவள் முதுகைவிட்டு விலகின. ஆரவாரம் எழுந்தது. யாரோ அவளைக் கட்டி உலுக்கினர்.

"முடிஞ்சுதுடி பைத்தியமே, முடிஞ்சுது! ஏறி இறங்கியாச்சு! என் முதுகை விடு, என்னை என்ன சுவருன்னு நெனச்சியா?" எம்பார் அழுதுகொண்டே வசைபாடினாள்.

இசை முடியும்போதும் நிற்கும். அதை இத்தனை ஆண்டுகளாய் அவள் செவி மறந்திருந்தது.

முதலில் விக்டிஸ் வந்தாள். கையில் விரித்த குடை. "மன்னிச்சுக்கோங்க ரெமெய். பின்னால எல்லாரும் திட்டினாங்க, மடக்கிட்டேன். அப்புறம் கீழயிருந்து ஒரு ஆளு தலையைத் தூக்காமலே என் முழங்காலைக் கிள்ளிக் கையை இப்படி விரிச்சு விரிச்சுக் காட்டினாரு. எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு."

அதற்குள் நீலச்சட்டைகளைப் பிளந்துகொண்டு கெரால்ட் ஓடிவந்தாள். தலைக்கவசத்தின் வார் கழன்று தொங்கிற்று. தாயின் எதிரே வந்து நின்றவள் அணைக்கவில்லை. கண்களில் கோபம்.

"நீ வரலைன்னு நெனச்சேன்."

"குடையைக் காணாமத்தானே மேல நின்னுட்ட?"

"குடையா? இல்லியே! பெர்னத் குனியமாட்டேன்னுட்டான். அவன் குனிஞ்சாத்தானே நான் தாண்ட முடியும்? அழுதுட்டு நிக்கறான். முதுகை வளைடான்னேன், முடியாதுன்னான். நேத்து என் சாக்லேட்டைத் திருடித் தின்னது நீதானேன்னேன். சிரிச்சுட்டான். சிரிச்சா முதுகு தானா வளைஞ்சுரும்."

பெர்னத், உச்சிக்குக் கீழே குனிந்து நிற்கவேண்டிய சிறுவன், ஆறு வயது. ரெமெய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன; எதுவும் முழுதாக வெளிவரவில்லை.

"மேல போயிக் கையைத் தூக்கும்போதுதான் குடையைத் தேடினேன். சரியா அப்பத்தான் விரிஞ்சுது. ஆனா அதுக்குக் கீழ நீ இல்ல. இவங்கதான் இருந்தாங்க." விக்டிஸை விரலால் சுட்டினாள். "குடையை அனுப்பிட்டு நீ ஓடிட்டேன்னு நெனச்சேன். எங்க போன?"

கெரால்ட்டின் பார்வை தாயின் முகத்தில் நின்றது. இடக்கன்னத்தில், எம்பாரின் சட்டைத் தையல் ஒரு நீண்ட கோடாய்ப் பதிந்து சிவந்திருந்தது. அடிக்கூட்டத்தில் நின்று வருவோர் கன்னங்களில் மட்டுமே அக்கோடு காணப்படும். சிறுமி விரலை நீட்டி அதைத் தொட்டுப்பார்த்தாள்.

"அடியிலயா இருந்த?"

"ம்."

"யாருக்குப் பின்னாடி?"

"எம்பாருக்குப் பின்னாடி."

கெரால்ட் சற்று எண்ணிப்பார்த்தாள். கோபம் முகத்தைவிட்டுச் சிறிது சிறிதாக விலகியது.

"அப்ப நீ என்னைப் பாக்கவே இல்ல."

"பாக்கல. ஆனா ஏறும்போது என் தோளை மிதிச்ச. அது நீதான்னு தெரிஞ்சுது."

"கனமா இருந்தேனா?"

"இறகு மாதிரி இருந்த. பயமா இருந்துச்சுடி, இன்னும் கொஞ்சம் கனமா இருக்கக் கூடாதான்னு."

வெந்தூரா குழலைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து சேர்ந்தான். உதடு வீங்கியிருந்தது. ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, மனைவியின் கன்னத்துக் கோட்டைக் கண்டு, சொல்லாமல் விட்டான்.

"அடுத்தது! நீலச்சட்டையெல்லாம் வாங்க! அடிக்கூட்டம்!" என்று ஒலெகெரின் குரல் எழுந்தது.

கெரால்ட் தலைக்கவசத்தின் வாரை மாட்டினாள். ரெமெயின் அச்சம் மீண்டும் தலைதூக்கிற்று. ஒரு வெற்றியால் கரைந்துபோகும் அச்சமன்று அது. கைகள் மீண்டும் வேர்த்தன. ஓடுவதற்கு நகரின் மறுகோடி இன்னும் அங்கேயேதான் இருந்தது; பயணியர் காத்திருந்தனர்; நல்ல சாக்குத்தான்.

"விக்டிஸ், இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கறீங்களா?"

"யார் திட்டினாலும் மடக்கமாட்டேன்" என்றாள் விக்டிஸ்.

"எம்பார், முதுகைக் காட்டு."

"வா வா. இந்தத் தடவை நகத்தை வெட்டிட்டு வந்திருக்கலாம்."

ரெமெய் கைகளை ஊன்றினாள். சிவந்த கோட்டின்மேலேயே கன்னத்தைப் பதித்தாள். அவள் முதுகில் யார் யாருடைய கைகளோ வந்து ஊன்றின. சதுக்கம் அடங்கத் தொடங்கிற்று. உள்ளங்கைகளால் எம்பாரை அழுத்திப் பிடித்தபடி, குழலின் முதல் ஒலிக்காக அவள் செவியைத் திறந்துவைத்துக் காத்து நின்றாள்.